குலப்பெயரும் உதிர சாட்சியமும்

வம்சப் பெருமை பேசாத தேசம் பூமண்டலத்தில் இல்லை. இங்கிலாந்தில் அப்பெருமைக்கு இதுகாறும் ஆதாரமாக நின்றவை மாதாகோயில் பதிவேடுகளும், பழம் பத்திரங்களும், முதியோர் வாய்மொழியுமேயாம். இப்பொழுது புதிய சாட்சி ஒருவன் கூண்டேறி நிற்கிறான். டி.என்.ஏ. என்பது அவன் பெயர். சிறிது உமிழ்நீரிலிருந்தே அவன் வாக்குமூலம் கிடைத்துவிடுகிறது. அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

இங்கிலீஷ்காரரின் குலப்பெயர்கள் பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் பரம்பரைப் பெயர்களாக நிலைபெற்றன. அன்று முதல் அவை தந்தைவழியே இறங்கி வருகின்றன. ஆண்களின் உடலணுவிலுள்ள ஒய் குரோமோஸோமும் தந்தையிடமிருந்து மகனுக்கே, அநேகமாக மாறுதலின்றி, இறங்குகிறது. இரண்டும் ஒரே பாதையில் நடப்பதால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதித்தல் சாத்தியமாயிற்று.

ஆக்ஸ்போர்டு ஸர்வகலாசாலைப் பேராசிரியர் பிரயன் ஸைக்ஸ் என்பார் 2000-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சிக்குத் தம் குலப்பெயரையே எடுத்துக்கொண்டார். ஸைக்ஸ் என்பது சிற்றோடையைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது. ஓடைகள் பலவாதலின் மூலபுருஷரும் பலராயிருப்பர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் சோதித்த 48 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஒரே அடையாளம் காணப்பட்டது. மூலபுருஷர் ஒருவரேயாகலாம் என்று அவர் கருதினார். எஞ்சியோர் வேறுபட்டதற்கு ஸ்வீகாரம், தாய்வழிப் பெயர், மறைவான உறவு முதலியன காரணமாகலாம்.

இதனினும் விசித்திரமானது 2007-ல் லெஸ்டர் ஸர்வகலாசாலையார் வெளியிட்ட செய்தி. யார்க்ஷயர் பிரதேசத்து அபூர்வமான குலப்பெயர் ஒன்றைத் தாங்கிய 18 பேரைச் சோதித்ததில், 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கே உரிய ஒய் வகை காணப்பட்டது. தோலினாலும் பெயரினாலும் சுத்த ஆங்கிலேயர். தந்தைவழி மூதாதையோ ஆப்பிரிக்கர்!

அரச குலமும் இதற்கு விலக்கன்று. 1485-ல் போர்க்களத்தில் மாண்ட மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகள் 2012-ல் லெஸ்டர் நகரத்து மோட்டார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் அகப்பட்டன. தாய்வழி டி.என்.ஏ. உறவினருடன் ஒத்தது, ஆனால் ஏடுகளின்படி தந்தைவழி உறவினரான ஐவரில் ஒருவருடைய ஒய் குரோமோஸோமும் மன்னருடையதை ஒக்கவில்லை என்று 2014-ல் வெளியாயிற்று. இடையிலே எங்கோ சங்கிலி அறுந்திருக்கிறது; ஏட்டில் மட்டும் அறவில்லை.

இவற்றால் நாம் அறிவதென்ன? பத்துத் தலைமுறைக்கு முன் நம் ஒவ்வொருவருக்கும் 1,024 மூதாதையர் ஸ்தானங்கள் உண்டு. ஒய் குரோமோஸோம் அவற்றுள் ஒன்றைப் பற்றியே பேசும். அவ்வொன்றைப் பிடித்துக்கொண்டு இரத்தசுத்தி பேசுவோர், ஆயிரத்துச் சொச்சம் பேரை மறந்து பேசுகின்றனர்.

சட்டமும் இவ்விஷயத்தில் விவேகமாகவே நடந்திருக்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டமும், அதன் ஸ்தானத்தில் 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய ஸாக்ஷ்ய அதினியமும், முறையான விவாகம் நிலைத்திருக்கையில் பிறந்த குழந்தையை, தம்பதிகள் கூட வழியே இல்லாதிருந்தாலன்றி, அத்தம்பதிகளுடையதென்றே முடிவாகக் கொள்கின்றன. குழந்தையை வளர்த்துப் பெயரிட்டவனே தந்தை என்ற உலக வழக்கின் உட்பொருளும் இதுவே.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். உமிழ்நீரைத் தபாலில் அனுப்புகிறவன் தன் ரகசியத்தை மட்டும் அனுப்புவதில்லை. சகோதரர், மக்கள் ரகசியத்தையும் சேர்த்தே அனுப்புகிறான். அமெரிக்காவின் டுவென்டித்ரீ அண்ட் மீ கம்பெனியில் 2023-ல் சுமார் 69 லக்ஷம் பேருடைய விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அது பாப்பர் மனுப் போட்டது. கடையை மூடினால் சரக்கை ஏலம் விடலாம். ஒரு குடும்பத்தின் உதிர ரகசியமும் சரக்காகுமோ?

ஆராய்ச்சியை நாம் வெறுக்கவில்லை. மூதாதையரை அறிய விரும்புவோர் தாராளமாக அறியட்டும். ஆனால் வெளிவரும் விடை எதுவாயினும் அதைத் தாங்கும் நெஞ்சுறுதி இருந்தாலன்றிக் கேள்வியை எழுப்பலாகாது. நம் குலத்தை ஆரம்பித்தவர் யார் என்பதை உமிழ்நீர் சொல்லலாம். அக்குலத்துக்குப் பெருமை தேடுவது நம் நடத்தை ஒன்றேயாகும்.