ஓய்வுக்கு முன் மெடிக்கல் கார்டு எடுக்கலாமா?

55 வயசு ஆச்சா? சேமநிதிப் பணம் கைக்கு வரும் நேரம். மெடிக்கல் கார்டு விற்கும் ஏஜெண்டும் வீடு தேடி வருவார். கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் பொறுங்கள்.

2013 ஜூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. வேலை நின்றதும் முதலாளி எடுத்துக் கொடுத்த காப்புறுதி இருந்தால் அதுவும் நின்றுவிடும். சொந்தமாக எடுக்க நினைப்பவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுங்கள். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு இருந்தால் பாரத்தில் மறைக்காதீர்கள். "அதெல்லாம் எழுத வேணாம் அண்ணே" என்று ஏஜெண்டு சொன்னாலும் எழுதுங்கள். பிறகு தெரிந்தால் ஆஸ்பத்திரி பில்லைக் கம்பெனி கட்டாது, ஏஜெண்டும் கட்ட மாட்டார்!

கார்டு மறுநாளே உதவாது. பெரும்பாலும் 30 நாள் காத்திருக்கணும். இருதயம், கட்டி, கல் போன்றவற்றுக்கு 120 நாள். வயசு ஏற ஏற பிரிமியமும் ஏறும். 70 வயசில் யார் கட்டுவது? பிள்ளைகளிடம் இப்போதே பேசுங்கள். பாலிசி பிடிக்கவில்லையா, கையில் கிடைத்த 15 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

கட்ட முடியாதவர் கடன் வாங்க வேண்டாம். சுங்கைப்பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசாங்க எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் 40 வயசுக்கு மேற்பட்டவருக்கும் துணைக்கும் 'பெக்கா பி40' திட்டத்தில் இலவச நோய்ப் பரிசோதனை உண்டு. அடையாள கார்டோடு போய்க் கேளுங்கள்.