நாவலர் விதைத்த சொல்

மன்னார்த் தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையினின்று சற்றே விலகினால், பாலாவித் தீர்த்தமும் திருக்கேதீச்சரத் திருக்கோயிலும் நம் கண்ணுக்குப் புலனாகும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலம் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து, பன்னெடுங்காலம் காடு மூடிக் கிடந்தது. அதன் நினைவை மக்கள் உள்ளத்தில் மீண்டும் எழுப்பியவர் யார்? வாளேந்திய மன்னர் அல்லர். நல்லூர் ஆறுமுக நாவலரே!

1822இல் தோன்றிய அப்பெரியார், 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அவரது நாவன்மையைக் கண்டு வியந்த திருவாவடுதுறை ஆதீனம், 1849இல் 'நாவலர்' என்னும் பட்டத்தை வழங்கிற்று. திருக்குறளைப் பரிமேலழகர் உரையுடன் பதிப்பித்தார். பெரியபுராணத்தை யாவரும் படிக்கும் வண்ணம் வசனமாக்கினார்.

1872இல், திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்குமாறு சைவ மக்களை வேண்டி விளம்பரம் வெளியிட்டார். உடனே பயன் விளைந்ததா? இல்லை. ஒரு கல்லேனும் எழுமுன்னரே, 1879இல் அவர் மறைந்தார். அவர் விதைத்த சொல்லோ மறையவில்லை. 1893இல் யாழ்ப்பாணத்துச் சைவர் அந்நிலத்தை ஏலத்தில் வாங்கினர். 1903இல் சிறு கோயில் அமைந்தது. பின்னாளில் போரும் குறுக்கிட்டது. ஆயினும், கருங்கற் கோயில் நிறைவெய்தி 2022இல் குடமுழுக்குக் கண்டது. அது நாவலர் பிறந்த இருநூறாம் ஆண்டு!

மாணவர்களே, நற்சொல்லின் பயனைச் சொன்னவர் காணாமற் போகலாம், பின்வருவோர் காண்பர்.