முதலில் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள்

“பிரிண்டர் போயிருச்சு தம்பி. புதுசு ஒன்னு வாங்கணும், எது நல்லதுன்னு சொல்லு.”

டீச்சர் அழைத்தபோது வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. பெட்டாலிங் ஜெயா ஓல்டு டவுனை ஒட்டிய வரிசை வீடு ஒன்றில் தனியாக இருப்பவர் அவர். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லித் தருகிறார். பயிற்சித்தாள்களை முதல்நாள் இரவே வீட்டில் அச்செடுத்து வைத்துவிடுவார். அன்று கணினி “ஆஃப்லைன்” என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

எனக்கு அழைப்பதற்கு முன் அவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் நான் கணினிப் பக்கமே போகவில்லை. பிரிண்டரின் மூடியைத் திறந்து, கண்ணாடியின் மேல் மேசையில் கிடந்த தண்ணீர்க் கட்டண பில்லை வைத்து, நகல் எடுக்கும் பொத்தானை அழுத்தினேன். பத்து விநாடியில் பளிச்சென்று நகல் வந்தது. “அட, ஓடுதே!” என்றார் டீச்சர்.

புதிதாகக் கணினி பழகுகிறவர்கள் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்வதானால் இதைக் கற்றுக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் பிரிண்டர்களில் பெரும்பாலானவை ஸ்கேன், நகல், அச்சு மூன்றையும் செய்பவை. கணினி இல்லாமலே நகல் நன்றாக வந்தால் மை, தாள், உருளைகள், அச்சுத்தலை எல்லாம் சரி. கோளாறு கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில்தான் இருக்கிறது. நகலே வரவில்லை, அல்லது வெள்ளைக் கோடு விழுந்து வருகிறது என்றால் கணினியை எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை. பாதி வேலை இந்த ஒரு பொத்தானில் முடிந்துவிடும். நகல் வசதி இல்லாத பிரிண்டர் என்றால் சோதனைப் பக்கம் ஒன்றைத் தானே அச்சிட அதற்குள் வழி இருக்கும். எந்தப் பொத்தானை எத்தனை விநாடி அழுத்த வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

அடுத்த கேள்வி: கடைசியாக எப்போது நன்றாக வேலை செய்தது, அதற்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது?

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். “ஒன்னும் மாறலையே... ஆங், புதன்கிழமை லைன்காரங்க வந்து மோடத்த மாத்திட்டுப் போனாங்க.”

அதுதான் விஷயம். புது ரூட்டர் வந்தால் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் மாறிவிடும். கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் நாம் உடனே புதியதைப் போட்டுவிடுவோம். பிரிண்டரை யாரும் நினைப்பதில்லை. அது பழைய பெயரையே தேடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். கணினிக்கோ பிரிண்டர் கண்ணில் படவில்லை. அதனால் “ஆஃப்லைன்” என்கிறது. கெட்டுவிட்டது என்று அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை, எட்டவில்லை என்றுதான் பொருள்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. பிரிண்டரின் சிறு திரையிலோ, அந்த நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியிலோ வைஃபை அமைப்புக்குப் போய்ப் புதிய பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுப்பது ஒன்று. புதிய ரூட்டருக்குப் பழைய ரூட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்துவிடுவது இன்னொன்று. ரூட்டர் மாற்ற வருகிறவர்களிடம் அப்போதே கேட்டால் செய்து தருவார்கள். வீட்டில் இருக்கும் தொலைக்காட்சி, கேமரா, பிரிண்டர் எல்லாம் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமலே தானாக ஒட்டிக்கொள்ளும்.

டீச்சர் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ரூட்டர்கள் இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையில் வைஃபை கொடுக்கின்றன. சில வீடுகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கும். வீட்டு பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், 5 என்று முடியும் பெயர் அவற்றின் பட்டியலிலேயே வராது. “என் வைஃபை பேரையே இது காட்டலையே” என்று தவிப்பவர்கள் இந்த மற்றப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். கைப்பேசியிலிருந்து அச்செடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கைப்பேசி மொபைல் டேட்டாவில் இருந்தாலோ, விருந்தினருக்கென்று வைத்திருக்கும் வைஃபையில் இருந்தாலோ பிரிண்டரைப் பார்க்காது. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும்.

பிரிண்டரைப் புதிய வைஃபையில் சேர்த்ததும் டீச்சர் கைதட்டினார். மறுநொடி அது அச்சடிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று... அதே பக்கம் பதினொரு தடவை வந்தது. பிற்பகல் முழுவதும் “வரலையே, வரலையே” என்று அழுத்திய ஒவ்வொரு அழுத்தலும் வரிசையில் காத்திருந்திருக்கிறது. வராத பிரிண்டரிடம் இரண்டாவது தடவைக்கு மேல் அழுத்தாதீர்கள். அப்படி அழுத்தியிருந்தால், பிரிண்டரைச் சேர்ப்பதற்கு முன், செட்டிங்ஸில் பிரிண்டர்கள் பகுதிக்குப் போய் அதன் வரிசையைத் திறந்து காத்திருப்பவற்றை ரத்து செய்துவிடுங்கள். ஒன்று மட்டும் அழியாமல் அடம்பிடித்தால் பிரிண்டரை அணைத்துவிட்டுக் கணினியை “ரீஸ்டார்ட்” செய்யுங்கள். “ஷட் டவுன்” கொடுத்துத் திறப்பது இதற்குப் போதாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சீக்கிரம் திறப்பதற்காக, அணைக்கும்போது உள்ளே நடப்பதில் ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. சிக்கிய வேலையும் அதனோடு தங்கிவிடலாம். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அச்சு கொடுத்தால் தாள் வராமல் “கோப்பை எங்கே சேமிக்க?” என்று கணினி கேட்கிறதா? அச்சு பிரிண்டருக்குப் போகாமல் பிடிஎஃப் ஆகப் போகிறது. அச்சுப் பெட்டியில் பிரிண்டரின் பெயரை மாற்றினால் தீர்ந்தது. கடைசியாகப் பயன்படுத்தியதையே வழக்கமானதாக வைத்துக்கொள்ளும் பழக்கம் விண்டோஸுக்கு உண்டு. செட்டிங்ஸில் அதை நிறுத்தலாம்.

இனி, நகலே சரியாக வராதவர்களுக்கு. பழி பெரும்பாலும் மையின் மேல்தான் விழும். தொட்டியில் மை நிறைய இருக்கும், ஆனால் கறுப்பு வராது, அல்லது எழுத்துகளின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். அச்சுத்தலையில் இருப்பவை முடியைவிட மெல்லிய துளைகள். அச்சிடாமல் வாரக்கணக்கில் விட்டால் மை அதில் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி இடிக்கத் தொடங்கியதும் சுவிட்சையெல்லாம் அணைத்து, பிளக்கைப் பிடுங்குவது நம் வீட்டுப் பழக்கம். நல்ல பழக்கம்தான், மின்னல் அடித்துக் கருகிய கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பிரிண்டரைப் பொறுத்தவரை ஒரு வரிசை இருக்கிறது. அதன் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்தால், அச்சுத்தலை ஓரமாகப் போய் நின்று, ஒரு சிறிய மூடி அதன் வாயை அடைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரிலேயே அணைத்தால் அந்த மூடி போடப்படாமல் தலை திறந்தபடியே நின்றுவிடலாம், மை உலரும். முதலில் பொத்தான், விளக்கு அணைந்தபின் சுவர் சுவிட்ச், பிறகு பிளக்.

அடைத்துவிட்டால் பிரிண்டரின் மெனுவில் “நாசில் செக்” என்று ஒன்று இருக்கும். அது சின்னச் சின்னக் கோடுகளாக ஒரு பக்கம் அச்சிடும். எந்த நிறத்தில் கோடு விட்டுப்போயிருக்கிறதோ அந்த நிறம்தான் அடைத்திருக்கிறது. பிறகு “ஹெட் கிளீனிங்”. இதை இரண்டு மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து செய்ய வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நல்ல மை உறிஞ்சப்பட்டு உள்ளே ஒரு பஞ்சில் கொட்டப்படுகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டால் அச்சிட மறுக்கும் பிரிண்டர்கள் உண்டு. இரண்டு தடவை செய்து, ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் மறுபடி பாருங்கள். ஊறிய மை பல நேரம் தானே இளகிவிடும். சில வகைகளில் அச்சுத்தலை மைப்பெட்டியோடு சேர்ந்தே வரும். அவற்றில் புதுப் பெட்டி போட்டால் புதுத் தலையும் வந்துவிடும். தொட்டி வைத்த பிரிண்டர்களில் அது அவ்வளவு எளிதல்ல. அதனால் வாரம் ஒரு வண்ணப் பக்கம் அச்சிட்டுவிடுவது மலிவு. பேரப்பிள்ளையின் படம் ஒன்று போதும்.

தாள் சிக்குவதற்கும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று போவதற்கும் நம் காற்றின் ஈரம்தான் பெரும்பாலும் காரணம். கட்டைப் பிரித்தபின் மீதியைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். அடுக்கைப் போடுமுன் விசிறிவிடுங்கள். சிக்கிய தாளை அது போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். பக்கத்தின் அடியில் இரண்டு வரி வெட்டுப்பட்டால் தாளின் அளவு “லெட்டர்” என்று இருக்கிறதா பாருங்கள். அது அமெரிக்க அளவு, 279 மில்லிமீட்டர் உயரம். நாம் வாங்கும் ஏ4 தாள் 297.

டீச்சரின் கதை இன்னும் முடியவில்லை. பிரிண்டர் ஓடத் தொடங்கியதும் பழைய பாடம் ஒன்றைத் திறந்தார். இருபது வருடத்துக்கு முன் அவரே தட்டச்சு செய்தது. திரையில் ஆங்கில எழுத்துகளும் தலையில் கொம்பு முளைத்த எழுத்துகளும் குவிந்து கிடந்தன. “வைரஸா தம்பி?” என்றார், குரல் சற்று இறங்கி.

வைரஸ் இல்லை. தமிழ்க் கணிமையின் பழைய கதை. யுனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துகளுக்குக் கணினியில் தனி இடம் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ, ஐரோப்பிய எழுத்துகளின் இடத்திலோ தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் ஆங்கிலச் சின்ன ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அ’ இருக்கும், ‘கே’ இருக்கும் இடத்தில் ‘ம’. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம் மேலே வந்துவிடும். டிஸ்கி, டாம், டாப் என்று வேறு முறைகளும் இருந்தன. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் நம் நாட்டில் பலருக்குத் தமிழ்த் தட்டச்சைப் பழக்கிய மென்பொருள். அந்தக் காலத்தில் நாம் அடித்து வைத்த கோப்புகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பழைய முறைகளில்தான் இருக்கும். யுனிகோடில் தமிழ் 1991லேயே இடம் பெற்றுவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு அது பரவலாக வந்து சேர மேலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

ஆகவே அந்தப் பாடம் அழிந்துபோகவில்லை. வேர்டில் அந்தக் குழப்ப எழுத்தின் மேல் ஒரு தடவை சொடுக்கி, மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே நிற்கும். பாமினி என்று இருக்கலாம், டிஎஸ்சி, டாம், டாப் என்று தொடங்கலாம். அதுதான் துப்பு. பழைய எழுத்துருவைத் தேடி நிறுவினால் அன்றைக்கு அச்செடுத்துவிடலாம். நிரந்தரமாகத் தீர்க்க, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் அந்த முறையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, எழுத்தை ஒட்டி, யுனிகோடாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது அவசியம். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி நிற்கும்.

யுனிகோடில் இருந்தும் அச்சில் பக்கம் கலைகிறது என்பவர்களுக்கு: பழைய யுனிகோடு ஆவணங்களில் பல ‘லதா’ எழுத்துருவில் இருக்கும். விண்டோஸ் 10 முதல் லதா தானாக வருவதில்லை. வேறு எழுத்துரு அந்த இடத்தை நிரப்பும், வரிகள் தள்ளிப்போகும். செட்டிங்ஸில் “ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்” பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று ஒன்று உண்டு. அதைச் சேர்த்தால் லதா திரும்பி வரும், பணம் கிடையாது. பிடிஎஃப் திரையில் சரியாகத் தெரிந்து தாளில் மட்டும் குழம்பினால், அடோபி ரீடரின் அச்சுப் பெட்டியில் “அட்வான்ஸ்டு” சொடுக்கி, “பிரிண்ட் ஆஸ் இமேஜ்” என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பும். சற்று மெதுவாக வரும், ஆனால் திரையில் இருப்பதுபோலவே வரும். நகல் கடைக்குக் கொண்டுபோவதானால் வேர்டு கோப்பாக வேண்டாம், பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். கடைக்காரர் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்குமென்று யார் கண்டது?

இப்போது, டீச்சர் எனக்கு அழைப்பதற்கு முன் செய்த காரியம். “பிரிண்டர் ஆஃப்லைன்” என்று இணையத்தில் தேடி, மேலே வந்த ஓர் எண்ணுக்கு அழைத்திருக்கிறார். மறுமுனையில் ஒருவர் மரியாதையாக ஆங்கிலத்தில் பேசி, உங்கள் கணினியில் கோளாறு நிறைய இருக்கிறது, நான் பார்க்க ஒரு சிறு மென்பொருளை நிறுவுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பாதி இறங்கியபோது, “கட்டணம் சின்னதுதான், உங்க பேங்க் பக்கத்தத் திறந்து வைங்க” என்றிருக்கிறார். “அந்த இடத்துல ஏதோ உறுத்துச்சுப்பா, வச்சிட்டேன்” என்றார் டீச்சர். ஓய்வூதியம் வரும் கணக்கு அது.

பிரிண்டர் நிறுவனத்தின் உண்மையான எண் பெட்டியிலும் உத்தரவாத அட்டையிலும் இருக்கும். தேடலில் மேலே நிற்பது பணம் கட்டிப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். அப்படி யாரையாவது கணினிக்குள் விட்டுவிட்டால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வங்கி விவரம் கொடுத்திருந்தால் வங்கிக்கும் 997க்கும் அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. சீக்கிரம் அழைத்தால் பணம் போகும் வழியை மறிக்க முடியும். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருப்பதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

பாதி இறங்கிய அந்த மென்பொருளை நீக்கி, கணினியை முழுதாக ஒருமுறை வைரஸ் சோதனை செய்துவிட்டுப் புறப்பட இரவு பத்தாகிவிட்டது. சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தாள் கிடைத்தது, ஆளுக்கு ஒன்றாக, பதினொன்று ஏற்கெனவே இருந்ததால் டீச்சருக்கு வேலையும் குறைந்தது. பிரிண்டரின் முதுகில் இப்போது வைஃபை பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார். பழைய பாடங்களில் நாற்பதுக்கும் மேல் இன்னும் மாற்ற வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு என்று அவரே உட்கார்ந்து மாற்றி வருகிறார்.