ஆடியில் நீர் தேடி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் புவியியல்)

குளிப்பதற்கு ‘நீராடுதல்’ என்று பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். உடம்பைக் கழுவுவதோடு நில்லாமல் நீரோடு சேர்ந்து ஆடுவதும் அதில் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு வாளித் தண்ணீரைச் செம்பு செம்பாக எண்ணி ஊற்றிக்கொள்ளும் நமக்கு அந்த ‘ஆடுதல்’ ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்தால் பெரிது. அந்த ஒருமுறைக்காகத்தான் ஆடி பிறந்ததும் காஞ்சிபுரத்துத் தெருக்களிலிருந்து வேன் வேனாகக் குடும்பங்கள் புறப்படுகின்றன. ஒகேனக்கல் என்பார்கள், குற்றாலம் என்பார்கள், பவானி கூடுதுறை என்பார்கள். எங்கே போனாலும் தேடிப் போவது ஓடும் நீரைத்தான்.

ஆயிரம் கோயில் உள்ள ஊர் என்று புகழப்படும் ஊரில் இருப்பவர்கள், நீருக்காக ஏன் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு நான் படிக்கும் புவியியலில் பாதி விடை கிடைத்தது. மீதி விடை எங்கள் வீட்டுத் தறியில் இருக்கிறது. இரண்டையும் இங்கே சேர்த்துச் சொல்ல முயல்கிறேன்.

தறிக்குழியும் விடுமுறையும்

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. அப்பா பட்டு நெய்கிறார். கோர்வைப் புடவைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைநாடாவைத் தள்ளிக்கொடுப்பவர் அம்மா. குழித்தறி என்பதால் நெய்கிறவர் கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிபலகையை மிதித்தபடியே காலை முதல் விளக்கு வைக்கும் வரை இருக்க வேண்டும். கூலி புடவைக்கு இவ்வளவு என்று கணக்கு. தறி ஓடினால் கூலி உண்டு, நின்றால் இல்லை. சம்பளத்தோடு விடுமுறை என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாத சங்கதி.

மாதத்தில் ஒரு நாள், அமாவாசையன்று, தறிக்கு ஓய்வு. அதைத் தவிர, மூன்று புடவைப் பாவு ஒன்று முடிந்து, அடுத்த பாவை இழை இழையாகப் பிணைப்பதற்கு முன்னால் இரண்டொரு நாள் இடைவெளி வரும். ஆடியில் திருமணம் கிடையாது; ஆகையால் ‘புடவை எங்கே, புடவை எங்கே’ என்ற நெருக்கடியும் சற்றுத் தளர்ந்திருக்கும். இந்த இடைவெளியில்தான் எங்கள் பயணம் நுழைகிறது.

இப்போது இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் பலர் தறியை விட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனிப் பேருந்தில் போகிறார்கள். என் அண்ணனும் அவர்களில் ஒருவர். ஆடிப் பதினெட்டு புதன்கிழமை வந்தால் அவருக்கு விடுப்பு கிடைக்காது. எனவே பதினெட்டாம் பெருக்கை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்தி வைக்கிறோம். “காவிரிக்கு ஞாயிறு என்ன, புதன் என்ன? அவள் ஓடிக்கொண்டுதான் இருப்பாள்” என்று ஆயா சமாதானம் சொல்வார்.

தை மாதமே நான்கு வீட்டார் சேர்ந்து பயணச் சீட்டு ஒன்று ஆரம்பித்துவிடுவார்கள். வாரம் தவறாமல் பணம் கட்டினால் ஆடியில் வேன் வாடகை தேறிவிடும். புறப்படும் நாள் விடியற்காலை மூன்று மணிக்கே மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், புளியோதரையும், தயிர்சாதமும் தூக்குகளில் ஏறிவிடும்.

சாமியே பயணம் போகும் ஊர்

நீர் தேடிப் போவது எங்கள் ஊருக்குப் புதிய பழக்கம் அன்று. காஞ்சியின் தலபுராணங்களே நீரால் ஆனவை. கம்பை ஆற்றங்கரையில் அம்மை மணலால் இலிங்கம் அமைத்து வழிபட, வெள்ளம் பெருகி வந்தது என்றும், அவள் அதைத் தழுவிக் காத்தாள் என்றும் ஏகாம்பரநாதர் கோயில் வரலாறு கூறும். பிரமன் செய்த வேள்வியை அழிக்கச் சினங்கொண்ட சரசுவதி வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்தாள். திருமால் குறுக்கே படுத்து அணையானார் என்பது திருவெஃகாவின் கதை.

உற்சவங்களும் அப்படியே. சித்ரா பௌர்ணமியன்று வரதராசப் பெருமாள் ஐயங்கார்குளத்துக்கு எழுந்தருளுகிறார். அங்கே நடவாவிக் கிணற்று நீரை இறைத்து, அடியிலுள்ள மண்டபத்துக்குப் படியிறங்கிப் போய், பிறகு பாலாற்றுக்கும் போகிறார். மாட்டுப் பொங்கலன்று பழைய சீவரத்துக்குப் போய், பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் சேர்கிறார். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடம் அது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று அங்கு நடந்ததையும், மருத்துவர், பணியாளர், மருந்து வகைகள் ஆகிய விவரங்களையும் அது தெரிவிக்கிறது. ஆறு கூடிய இடத்தில் கல்வியும் மருத்துவமும் கூடின என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சாமி போகிற பாலாறோ பெரும்பாலான நாட்களில் மணல்வெளி. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு, அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள் ஓடி, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் கடலை அடைகிறது. நீளத்துக்குக் குறைவில்லை, நீருக்குத்தான் குறைவு.

ஆடியில் காவிரி பெருகுவது ஏன்?

இதற்கு விடை பருவக்காற்றில் உள்ளது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் குடகில் மழையைக் கொட்டுகிறது. தலைக்காவிரியில் தோன்றும் காவிரி, ஹேமாவதி, கபினி முதலிய துணையாறுகளோடு சேர்ந்து பெருகுகிறது. கிருஷ்ணராஜ சாகரும் கபினி அணையும் நிரம்பினால் மிகுநீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி ஒகேனக்கல்லில் விழுந்து, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்குப் போகிறது. நம் பக்கத்தில் பெருமழை இல்லாத ஆடியில் காவிரி மட்டும் நுரைத்து வருவதன் காரணம் இதுதான்.

பாலாறு பிறக்கும் இடமோ மலைக்குக் கிழக்கே, மழை மறைவுப் பகுதியில். அதற்கு வெள்ளம் வந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வரும். எங்கள் தெருப் பெண்கள் ஆடிப்பெருக்கன்று குழாயடியில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துக் காப்பரிசி படைப்பதன் காரணம் இப்போது விளங்கும். காவிரிக்கரையின் பண்டிகையை நாங்கள் கொண்டாடுகிறோம். எங்கள் ஆறு அந்த மாதத்தில் உறங்குகிறது.

வறண்ட ஆற்றின் ஓரமாக

இந்தப் பயணத்தில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது சாலைதான். காஞ்சியிலிருந்து வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பெங்களூர் நெடுஞ்சாலை போகிறது. அது பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே ஏறிச் செல்லும் வழி. காவிரியைப் பார்க்கப் போகிற நாங்கள், பாதி வழி பாலாற்றின் ஓரமாகவே அதன் பிறப்பிடம் நோக்கிப் போகிறோம்! பாலம் வரும்போதெல்லாம் வேனில் ஒரு குரல் எழும்: “தண்ணி இருக்குதா பாரு.” மணலும் சீமைக் கருவேலமும் தெரியும். ‘இல்லை’ என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

இந்த வறட்சிக்கு மழை மட்டும் காரணமா? மேலே கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அணைகளும் தடுப்பணைகளும் உள்ளன. சென்னை மாகாணமும் மைசூரும் 1892இல் செய்துகொண்ட ஆற்றுநீர் ஒப்பந்தத்தில் பாலாறும் இடம்பெற்றது. ஆயினும் வழக்கு ஓயவில்லை. நம் எல்லைக்குள்ளே ஆற்று மணலை அள்ளியது நாம். மணல் ஆற்றின் பஞ்சணை; நீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் ஊற்றாகத் தருவது அது. இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது குறித்து உச்ச நீதிமன்றம் 1996இலேயே புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்றை வழங்கியது. 2025 ஜனவரியில் மீண்டும் அதே ஆற்றுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது என்றால், இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

பாலாறு செத்துவிட்டது என்று சொல்வாரும் உண்டு. 1903 நவம்பரில் இதே ஆறு வாணியம்பாடியை அழித்தது. அதன் நினைவுத்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 2021 நவம்பரில் கரை கொள்ளாத வெள்ளம் வந்தது. அப்போது நான் பள்ளி மாணவி. செவிலிமேட்டுக் கரையில் ஊரே கூடி நின்று பார்த்தது. தறியை நிறுத்திவிட்டு வந்திருந்த அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதுக்குத்தான் ஒகேனக்கல் போறோம்” என்று சிரித்தார்.

புகையும் கல்

கிருஷ்ணகிரியைத் தாண்டிக் காவேரிப்பட்டினம் அருகே தென்பெண்ணையைக் கடந்து, தருமபுரி, பென்னாகரம் வழியாக மலையிறங்கினால் ஒகேனக்கல். கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. ‘கல்’ நமக்கும் கல்தான். விழும் நீர் புகையாக எழுவதால் இந்தப் பெயர். மிகப் பழமையான பாறைகளுக்கு இடையே காவிரி பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது.

அங்கே செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எண்ணெய்க் குளியல். கற்பலகையில் படுத்தவரை எண்ணெய் தேய்ப்பவர் தட்டித் தேய்த்து உருட்டிவிடுவார். ஆண்டு முழுதும் குழிக்குள் மடங்கிக் கிடந்த அப்பாவின் முழங்கால்களை அவர் பிடித்து நீட்டும்போது, அப்பா முகத்தில் வரும் நிம்மதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிறகு அருவி. அதன் பிறகு பரிசல். மூங்கில் பின்னலுக்கு அடியில் முன்பு தோல் கட்டினார்கள்; இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துவிட்டன. வட்டமான அந்தக் கூடையை ஒரே துடுப்பால் பாறை இடுக்குகளில் செலுத்துவதும் நெசவு போன்ற கைத்திறன்தான். கடைசியில், வாங்கிய மீனைக் கரையிலேயே சமைத்துக் கொடுக்கும் பெண்களின் கைச்சோறு.

நாம் ஒரு நாள் ஆடிவிட்டு வரும் அதே நீர், ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் பழுதுபட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் குழாயில் போகிறது என்பதையும் நாம் அறிய வேண்டும். நமக்கு அது தீர்த்தம். அவர்களுக்கு அது மருந்து.

குற்றாலம் இன்னும் தொலைவு. செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று சாரலாகத் தூற, சிற்றாறு பேரருவியாக விழுந்து பொங்குமாக்கடலில் தங்கிக் கீழே பாய்கிறது. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்வேன். அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்துகொண்டிருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு 17 வயது மாணவனைக் கொண்டுபோனது. நீர் கலங்கி, சருகும் குச்சியும் அடித்து வந்தால் உடனே கரையேற வேண்டும். காவலர் குளிக்கக் கூடாது என்று கயிறு கட்டினால் அவரோடு வாதாடுவது அறிவுடைமை ஆகாது.

ஆற்றில் விடும் துணி

பாவம் தொலையும் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவரும் வழக்கம் பரவியிருக்கிறது. ஆடி அமாவாசைக்கு மறுநாள் படித்துறைகளில் பார்த்தால், சேலையும் வேட்டியும் சேற்றோடு சேர்ந்து பாறைகளில் சுற்றிக் கிடக்கும். நெய்கிறவர் வீட்டில் பிறந்த எனக்கு அந்தக் காட்சி இருமடங்கு வருத்தம் தருகிறது. ஒரு முழத் துணிக்குப் பின்னால் எத்தனை முறை நாடா ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆயா அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். பழைய துணிக்குப் பதிலாக ஒரு பிடி எள்ளும் ஒரு பூவும் விடுவார். நல்ல துணி ஒன்றைப் படித்துறையில் இருக்கும் ஏழைக்குக் கொடுப்பார். புண்ணியமும் குறையவில்லை, ஆறும் கெடவில்லை.

பிறரை மட்டும் குறை சொல்வது நேர்மை ஆகாது. வேகவதியில் இன்று ஓடுவது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடை. பட்டுக்குப் பளபளப்பைத் தருவது பாலாற்று நீர் என்று எங்கள் பெரியவர்கள் பெருமை பேசுவார்கள். அந்தப் பட்டுக்குச் சாயம் ஏற்றிய நீரோ கால்வாயில் விடப்படுகிறது. தோல் கழிவுக்கு ஒரு நீதி, சாயக் கழிவுக்கு ஒரு நீதி இருக்க முடியுமா?

நாம் செய்யக்கூடியது

பயணம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. தறிச் சத்தத்திலும் வண்டி இரைச்சலிலும் ஆண்டு முழுதும் இருப்பவர்களுக்கு அந்த ஒரு நாள் கட்டாயம் வேண்டும். நான்கு வீட்டார் ஒரே வேனில் பாடிக்கொண்டு போவதும், பாட்டியும் பேத்தியும் ஒரே அருவியில் நனைவதும் பணத்தால் வாங்க முடியாத செல்வம்.

ஆனால் காவிரியில் கைகூப்புகிறவர்கள் வேகவதியைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றை அடுத்த ஆண்டு வேகவதிக் கரையில் நடத்தலாம். கழிவு எங்கெங்கே கலக்கிறது என்று புவியியல் துறை மாணவர்கள் வரைபடம் தயாரிக்கலாம். நீரைச் சோதிக்க வேதியியல் துறை இருக்கிறது. கரையோரத்துப் பெரியவர்களின் நினைவுகளை வரலாற்றுத் துறை எழுதி வைக்கலாம். அந்த ஏட்டை மாநகராட்சி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்போம். மாட்டுப் பொங்கலன்று ஒருமுறை திருமுக்கூடலுக்குப் பேருந்தில் போய், மூன்று ஆறுகள் கூடுமிடம் எப்படி இருக்கிறதென்று நம் கண்ணாலேயே பார்த்து வருவோம்.

அடுத்த ஆடிக்கும் எங்கள் தெரு வேன் ஒகேனக்கல்லுக்குப் போகும், நானும் போவேன். தைச் சீட்டுக்கு முதல் தவணை கட்டியாகிவிட்டது. வேகவதிக்கு நாம் கட்ட வேண்டிய தவணை மட்டும் பாக்கி இருக்கிறது.