வாசல் விளக்கு காலுக்கா, கண்ணுக்கா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு போகிற வழியில், மலை பார்த்தாற்போல் எங்கள் வீடு. என்னவர் ஓய்வு பெற்றதும் கட்டியது. கேட் தூண்களிலும் மூலைத் தூண்களிலுமாக உருண்டைக் கண்ணாடி விளக்கு நாலு, காம்பவுண்டு சுவர் மேல் 50 வாட் ஃபிளட் லைட் இரண்டு என்று ஆசை ஆசையாய்ப் போட்டோம். "கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குதே!" என்று வந்தவர்கள் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் விடிகாலை. பால்காரர் கேட்டைத் தொட்டவர், "அம்மா, சுள்ளுன்னு இழுக்குதும்மா!" என்று அலறிவிட்டார். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் தப்பித்தார். அதே கேட்டில்தான் என் பேரன் ஏறி நின்று ஆடுவான். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா ராஜபாளையத்திலிருந்து வந்து பார்த்தார். தூணுக்குள் ஒயர் குழாய் இல்லாமல் போயிருந்தது. ஜாயிண்டில் மழைத்தண்ணீர். எர்த் ஒயரே கிடையாது! தூணில் பதித்த கேட் கம்பி வழியே கரண்ட் இறங்கியிருக்கிறது.

"ஏத்தா, அலங்காரத்தை அப்புறம் பார்க்கலாம். ராத்திரி எல்லா லைட்டையும் அணை" என்றார். அணைத்தோம். என் மாமியாரை வராந்தாவிலிருந்து கேட் வரை மெதுவாக நடக்கச் சொல்லி, டார்ச்சுடன் பக்கத்திலேயே நடந்தார். அத்தை தயங்கி நின்ற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் ஒரு கோடு. வராந்தா படி, துளசி மாடத்துத் திருப்பம், கிணற்றடிக்குப் பிரியும் இடம், கேட்டுக்கு முன்னால் உள்ள சரிவு. மொத்தம் நாலே கோடு!

"இத்தனை நாள் அந்தப் பெரிய லைட்டு கண்ணைக் கூசும். கீழே படி எங்கே இருக்குன்னே தெரியாது. மருமக ஆசையாப் போட்டாளேன்னு சொல்லலை" என்றார் அத்தை. எனக்கு வெட்கமாகிவிட்டது. யாருக்காக விளக்கு போட்டேனோ, அவருக்கே அது பயன்படவில்லை.

அந்த நாலு கோடும்தான் எங்கள் பிளான். பாதை சுவரை ஒட்டியே போவதால் மூன்று இடத்தில் சுவரிலும், படிக்கு வராந்தா தூணிலும், முழங்கால் உயரத்தில் 3 வாட் எல்.இ.டி. வைத்தோம். மேலே சின்ன மூடி இருப்பதால் வெளிச்சம் தரையில் மட்டும் விழும். கேட் தூண் இரண்டிலும் உருண்டை விளக்கை எடுத்துவிட்டு, தாழ்ப்பாள் தெரிகிற மாதிரி கீழ்நோக்கி ஒன்று ஒன்று. அவ்வளவுதான். நம் பாட்டி காலத்து மாடக்குழியும் இப்படித்தானே! விளக்கு காற்றில் அணையாது, வெளிச்சமும் வேண்டிய பக்கம் மட்டும் விழும்.

சித்தப்பா சொன்ன மற்ற யோசனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளி விளக்கில் ஐ.பி. 65 என்று போட்டிருக்க வேண்டும். தூசியும் மழையும் புகாது. ஒயர் குழாய்க்குள்தான் போக வேண்டும். மண்ணுக்குள் என்றால், மண்வெட்டி படாத ஆழத்தில். எர்த் கட்டாயம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வைத்தால், கசிவு வந்ததும் கரண்டைத் துண்டித்துவிடும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் 12 வோல்ட் விளக்காகவே வாங்கி, டிரான்ஸ்ஃபார்மரை வீட்டுக்குள் வைத்துவிட்டால் பயம் குறைவு. இந்த வேலைகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் மட்டுமே கொடுங்கள்.

பல்பு அட்டையில் 2700 அல்லது 3000 கே என்று பார்த்து வாங்குங்கள். அது அகல் விளக்கு மாதிரி மஞ்சள் வெளிச்சம். 6500 கே என்றால் நீலம் கலந்த பளீர் வெள்ளை. பூச்சியை அதிகம் இழுக்கும். பூச்சி வந்தால் பின்னாலேயே தவளை, தவளைக்குப் பின்னால் பாம்பு! மலையடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு இது சின்ன விஷயமா?

மலைப் பக்கத்துச் சுவரில் இப்போது விளக்கே இல்லை. செண்பகத்தோப்புக் காடு 1988-ல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமானது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. பகலெல்லாம் ஓடும் அந்த அணிலுக்கு ராத்திரி தூக்கம் வேண்டும். வௌவாலுக்கும் ஆந்தைக்கும் இருட்டு வேண்டும். மின்மினி தன் ஜோடியைக் கூப்பிடுவதே வெளிச்சத்தால்தான். நம் ஃபிளட் லைட்டுக்கு முன் அது என்ன செய்யும்? மகாராஷ்டிராவில் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024-ல் இந்தியாவின் முதல் 'இருண்ட வான் பூங்கா' என்று பெயர் வாங்கியது. அதற்காக அக்கம்பக்கத்துக் கிராமங்களில் தெரு விளக்குகளையே கீழ்நோக்கித் திருப்பினார்களாம்.

"திருட்டுப் பயம் இல்லையா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். பின்பக்கம் ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு ஒன்று வைத்திருக்கிறோம். திடீரென்று எரியும்போதுதான் யாருமே திரும்பிப் பார்ப்பார்கள்!

கணக்கும் பார்த்தேன். முன்பு 136 வாட், ராத்திரி 12 மணி நேரம்; இரண்டு மாதத்துக்கு 98 யூனிட். இப்போது 18 வாட், இரவு பத்தரை மணி வரை நாலு மணி நேரம். ஐந்து யூனிட்கூட இல்லை.

சகோதரிகளே, தோட்டச் சுவருக்கும் தூணுக்கும் விளக்கு வாங்கக் கடைக்குப் போகும் முன், ஒரு ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வீட்டுப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து பாருங்கள். அவர் கால் தயங்குகிற இடம் எதுவோ, அங்கேதான் விளக்கு வேண்டும்.

கார்த்திகையன்று மட்டும் இவற்றையும் அணைத்துவிட்டு, சுவர் நெடுக அகல் ஏற்றினோம். தோப்புப் பக்கம் இரண்டு மின்மினி பறந்ததைப் பேரன்தான் முதலில் பார்த்தான்.

- ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்