பச்சைச் சூரியன் வந்த பாதை

1883 செப்டெம்பர் 9ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்த ஒளியை நிறமாலைமானியால் ஆராய்ந்தார்.

காரணம், ஓகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவில் வெடித்த கிரகட்டோவா எரிமலை. கல்முனையிலிருந்து அது சுமார் 3,000 கிலோமீற்றர் தொலைவு. அதன் கடலலை அன்றைக்கே அம்பாறைக் கரையில் ஏறி, பாணமைப் பக்கம் ஒரு பெண்ணின் உயிரைக் குடித்தது. சாம்பல் முகிலுக்கு மட்டும் ஏன் இரண்டு கிழமை பிடித்தது?

குலுக்கித் திறந்த சோடாப் போத்தலைப் போல, பாறைக் குழம்பில் கரைந்திருந்த வாயு விரிந்து சாம்பலை மேலே பீய்ச்சுகிறது. அந்த வேகம் சில கிலோமீற்றருக்குள் தளர்ந்துவிடும். அதற்குமேல் ஏற்றுவது சூடு. இப்படி எழும் சாம்பல் தூண் பக்கத்துக் காற்றை உள்ளிழுத்துச் சூடாக்குகிறது. காற்று விரிய, தூண் இலேசாகி எழுகிறது. இழுத்த காற்றுப் போதாவிட்டால் தூண் சரிந்து, நெருப்பு வெள்ளமாக மலையடிவாரத்தில் பாயும். இந்த எழுச்சிக்கு மோர்ட்டன், டெய்லர், டர்னர் மூவரும் 1956இல் எழுதிய சமன்பாடுகள்தான் இன்றைய கணினி மாதிரிகளுக்கும் அடிப்படை. அவற்றின்படி தூண் இரு மடங்கு உயர வேண்டுமென்றால் வெப்பம் பதினாறு மடங்கு வேண்டும்.

சுற்றியுள்ள காற்றின் அடர்த்திக்குச் சமமானதும் தூண் குடையாக விரியும். கிரகட்டோவாவின் குடை விரிந்தது படைமண்டலத்தில். அங்கே அப்போது வீசிய கீழைக்காற்று முகிலை மேற்கே ஓட்டியது. முதலில் இலங்கைக்குத் தெற்கே கடந்துபோன முகில், ஆபிரிக்கா, பனாமா, ஹவாய் என உலகைச் சுற்றிவிட்டுக் கிழக்கிலிருந்து நம்மிடம் வந்தது. மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீற்றர் வேகம்!

பருமனான சாம்பல் வழியிலேயே விழுந்துவிட, மிஞ்சியவை நுண்துகள்களும் கந்தக வாயுவில் பிறந்த அமிலத் துளிகளும். சாதாரணத் தூசு நீல ஒளியைச் சிதறடித்துச் சூரியனைச் சிவப்பாக்கும். துகள்கள் யாவும் ஒரு மைக்ரோன் அளவில் ஒத்திருந்தால் சிவப்பே கூடுதலாகச் சிதறும்; பச்சை மிஞ்சும்.

2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை வெடித்தபோது, அதன் சாம்பல் மறுநாளே இந்திய வான்வெளிக்குள் வந்தது, விமானங்கள் ரத்தாயின. சாம்பல் உருகி எஞ்சினை அடைத்துவிடும் என்பதால், எச்சரிக்கை மையங்கள் மாதிரிகளை வைத்துப் பாதையை முன்கூட்டியே கணிக்கின்றன. அந்தக் கணிப்பு முதலில் கேட்பது தூணின் உயரத்தை. உயரத்துக்கு உயரம் காற்றின் திசை வேறு. உயரம் பிழைத்தால், எச்சரிக்கை போய்ச் சேரும் நாடும் பிழைத்துவிடும்.