கம்பெனி பஸ்ஸும் வேலை இடம்தான்

லாங் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் கேட்டது நியாயமான கேள்வி: "என் கடையில நாலு பொண்ணுங்கதான். எனக்கு எதுக்குங்க கமிட்டி?"

டீயைக் குடியுங்கள், சொல்கிறேன். 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் கீழே வேலை செய்யும் கடைக்குள் புகாரை விசாரிக்கும் கமிட்டி தேவையில்லை. மாவட்ட அளவில் ஒரு குழு இருக்க வேண்டும். உங்கள் கடைப் பெண் அங்கே புகார் தரலாம். முதலாளி மேலேயே புகார் என்றாலும் அங்கேதான். மூன்று மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். எழுத வராது என்றால் குழுவே உதவ வேண்டும். துணி பார்க்க வந்தவர் கையைப் பிடித்தாலும் அவளைக் காப்பது உங்கள் கடமை, பாய்.

"அவ எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுறவ" என்கிறார்கள். சிரித்துப் பேசத்தானே கடையில் வைத்தீர்கள்? சட்டம் அவள் சிரிப்பை அளப்பதில்லை. நடந்ததில் அவளுக்கு விருப்பம் இருந்ததா என்றுதான் கேட்கிறது. இந்தச் சட்டத்துக்கு வேர் ராஜஸ்தானில் இருக்கிறது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்ட ஊழியர் பன்வாரி தேவி 1992-ல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். வேலையைச் செய்ததற்குக் கிடைத்த தண்டனை அது. அதையொட்டி 1997-ல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்புதான் முதல் வழிகாட்டி.

ஆம்பூர் பக்கம் சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ்கள் வரும் நேரம் தெருவுக்கே தெரியும். ஷிப்மெண்ட் அவசரத்தில் ஒரு நாள் தாமதமானால் திண்ணையில் பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பஸ்ஸில் வரும் பெண்ணின் சம்பளத்தில்தான் வீட்டில் சீட்டுப் பணம் கட்டுகிறார்கள், தம்பிக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். ஆனாலும் பஸ்ஸில் யாரோ தொந்தரவு செய்தான் என்று அவள் வாய் திறந்தால், வீட்டில் முதலில் வரும் சொல் "நாளையிலிருந்து போக வேண்டாம்" என்பதுதான். தப்பு செய்தவன் மறுநாளும் அதே சீட்டில் உட்கார்ந்து போவான். பல பெண்கள் பேசாமல் இருப்பதற்கு, அவனிடம் உள்ள பயத்தைவிட வேலை போய்விடும் என்ற பயமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். இது எனக்குப் பொறுக்கவில்லை. நிர்வாகம் ஏற்பாடு செய்த வண்டியும் சட்டப்படி வேலை இடம்தான்.

அதனால் புகார் வந்ததும் பெரிய கம்பெனியோ சின்னக் கடையோ முதலில் சொல்ல வேண்டியது, "உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது" என்று. விசாரணை நடக்கும்போது அவள் எழுதிக் கேட்டால், குழு மூன்று மாதம் வரை விடுப்பு தரச் சொல்லலாம். அது வழக்கமான லீவில் கழியாது. இடம் மாற்றச் சொல்லவும் வழி உண்டு. அவளைத்தான் மாற்ற வேண்டும் என்றில்லை, பாய். அவனையும் மாற்றலாம்.